ஆனி முடியுமுன் வைத்த கையெழுத்து

"ஸ்டேஷன் ரொய்லற்றுக்குள்ளை போய் நிண்டு மாத்தச் சொல்லுறீங்களோ? என்ர உடுப்பை? நான் என்ன களவெடுத்தனானோ..."

"மெதுவாக் கதை! கீழை கேக்கப்போகுது, மெதுவாக் கதையெண்டு எத்தினை தரம்..."

"கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!"

"எடி, ஞாயிற்றுக்கிழமையடி! கீழ்வீட்டு அரியம் அண்ணை கதவைத் திறந்துபோட்டு வாசலிலைதான் இருக்கிறார்!"

சொல்லி முடித்த கையோடு கமலநாயகி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். இவ்வளவு நேரமும் வீடு அதிரக் கத்தியது மகளல்ல, அவள்தான்.

தேனுஜா சிரிக்கவில்லை. வேறு நாளென்றால் சிரித்திருப்பாள்.

குசினிக் கதிரையின் முதுகில் அந்த உடுப்பு தொங்கியது. பச்சையும் மண்ணிறமுமாகப் புள்ளி போட்ட சட்டை. கையில் ஜெர்மன் கொடி, மார்பில் சின்னப் பட்டி. அந்தப் பட்டியில் ஜெர்மன் எழுத்தில் அருளம்பலம் என்று தைத்திருந்தது. இந்த நாட்டுக் கடதாசிகளில் தகப்பன் பெயர்தானே பிள்ளைக்குக் குடும்பப் பெயர். மூன்று வருடத்துக்கு முன் கண்மூடிய மனிசன் இப்போது படைச் சட்டையில் வந்து நிற்கிறார். அந்தப் பக்கம் பார்க்க நேரும்போதெல்லாம் கமலநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உடுப்போட போனால் ரயிலுக்குக் காசில்லை அம்மா. படையிலை இருக்கிற எல்லாருக்கும் அப்பிடித்தான். வடக்கை போய் இறங்குமட்டும் நான் உடுப்போடதான் போவன்."

"காசை நான் தாறன்."

"எங்கையிருந்து?" என்றான் மகன் சுலக்ஷன், ஜன்னலடியில் நின்றபடி.

அந்த ஒரு சொல்லில் கமலநாயகி அடங்கினாள். விமானநிலையச் சாப்பாட்டுக் கம்பனி ஆட்களைக் குறைத்தபோது முதலில் குறைந்தவர்களில் அவளும் ஒருத்தி. வைகாசியிலிருந்து அவளுடைய வீட்டு வாடகையில் பாதி மகளின் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

நடந்தது இவ்வளவுதான். தேனுஜா பிராங்பேர்ட்டில் பெரியாஸ்பத்திரித் தாதி. இரவு வேலை, விடியல் வேலை என்று ஓடும் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு வேண்டியிருந்தது. குமர்ப்பிள்ளை தனியே இருப்பதென்றால் எங்கடை ஆட்களின் வீட்டில்தான் இருக்கலாம் என்று கமலநாயகி ஒற்றைக்காலில் நின்றாள். ஒஃபன்பாக்கில் அரியரத்தினத்தாரின் மேல்வீடு காலியாக இருந்தது. ஊர் ஒன்று, கோயில் ஒன்று, கீழே அவரும் மனைவி சாந்தாவும். வேறென்ன வேண்டும்? ஆனால் ஆடி பிறந்தால் புதுவீடு குடிபோகக் கூடாது. எனவே ஆனி முடியுமுன் நல்ல நாள் பார்த்து, பால் காய்ச்சி, ஒப்பந்தத்தை முழுதாக வாசிக்கக்கூட விடாமல் மகளைக் கையெழுத்து வைக்கப் பண்ணினாள். மகள் கட்டாவிட்டால் தான் கட்டுவேன் என்று பக்கத்திலேயே தன் கையெழுத்தையும் வைத்தாள்.

ஆடியில் தேனுஜா வந்து சொன்னாள்: லித்துவேனியாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பத்து மாதம்.

தேனுஜா ஜெர்மன் படையின் பின்துணைப் பிரிவில், வேறு வேலை பார்த்துக்கொண்டே தேவைப்படும்போது போகும் மருத்துவ அணியில் இருக்கிறாள் என்பது இந்த மூன்று பேரைத் தவிர எங்கடை சனத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் "முதலுதவி வகுப்பு" என்று கமலநாயகி சொல்லி வைத்திருந்தாள். வேறு யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, கீழ்வீட்டுக்குத் தெரியக் கூடாது. அரியரத்தினத்தாரின் தம்பி குலம் என்பவனை ஊரில் ஆமி வந்து கொண்டுபோனது. கொண்டுபோனது போனதுதான். இன்றைக்கும் கோயில் திருவிழாவில் காவலுக்கு நிற்கும் ஜெர்மன் பொலிசைக் கண்டால்கூட மனிசன் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவார்.

"ரெண்டு பேரும் முதல்லை மூச்செடுங்கோ," என்றான் சுலக்ஷன். வரிக்கணக்கு அலுவலகத்தில் வேலை, எதையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் அவனுக்கு. "வாடகைக்காரர் சங்கத்திலை டெர்மின் எடுத்து, அவை தந்த நேரத்துக்குப் போய்க் கேட்டனான். அந்த மனிசி வடிவாச் சொன்னவ. இடையிலை விட்டால் ஆறு மாத வாடகை தண்டம் எண்டு அரியம் மாமா கையாலை ஒரு வரி எழுதி வைச்சிருக்கிறாரே, அது சட்டத்திலை நிக்காது."

"அப்ப முடிஞ்சுது!"

"முடியேல்லை அம்மா. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரும் விலகேலாது எண்ட வரி நிக்கும். தேனு அங்கை இருந்தாலும் இஞ்சை வாடகை ஓடும். அவள் கட்டாட்டி உங்களிட்டை வருவார்."

"படைக்குக் கூப்பிட்ட பிள்ளைக்குமோ? அதுக்கெண்டு ஒரு சட்டமும் இல்லையோ?"

"அமெரிக்காவிலை இருக்காம். கூப்பிட்டால் வீட்டை விட்டிட்டுப் போகலாமாம், ஒரு சதம் தண்டம் இல்லையாம். இஞ்சை அப்பிடி லேசா இல்லையாம். அவர் மனம் வைச்சு விட்டால்தான் உண்டு."

"அதைத்தானே நானும் சொல்லுறன்," என்றாள் தேனுஜா. "போய் உண்மையைச் சொல்லுவம். நான் ஆர், எங்கை போறன், எல்லாம். பிறகு அவர் விடுறதும் விடாததும்..."

"உண்மையைச் சொன்னால் விடுவாரோ? செருப்பாலை அடிப்பார்!"

"அடிக்கட்டும்."

"உனக்கென்ன, நீ போயிடுவாய்! நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவேணும். அந்தச் சனத்தின்ர முகத்திலை முழிக்கவேணும்!"

"அப்ப உங்கடை முகத்துக்காகத்தான் நான் ரொய்லற்றுக்குள்ளை நிண்டு உடுப்பு மாத்திறதோ?"

கமலநாயகி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். விடியப் பொரித்து வைத்திருந்த உழுந்துவடையில் நல்லதாகப் பார்த்துத் தட்டில் அடுக்கினாள். வெறுங்கையோடு ஒரு வீட்டு வாசலை மிதிப்பது அவளுக்குப் பழக்கமில்லை.

"நான் போய்க் கதைக்கிறன். வேலை மாத்தம், அவ்வளவுதான். அது பொய்யில்லை. நீங்கள் ரெண்டு பேரும் இறங்கி வரக்கூடாது. தேனு, சொல்லிப்போட்டன். அந்த உடுப்பைத் தொடாதை."

*

அரியரத்தினத்தார் வாசல் நடைக்குள் கதிரை போட்டுக் கறிவேப்பிலைச் சாடிக்கு முன்னால் இருந்தார். நகரசபை பஸ் ஓட்டி இளைப்பாறிய மனிசன். பழைய பற்பிரஷ் ஒன்றால் ஒவ்வொரு இலையாகப் பிடித்துப் பூச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ் கண்ணாடி துடைத்த கை, இப்போது இலைக்கு வந்திருக்கிறது.

"வா தங்கச்சி. மேலை என்ன, சண்டை பிடிக்கிற சத்தமாக் கிடந்தது?"

"சண்டையே? பிள்ளையள் கதைச்சுக்கொண்டிருந்தவை அண்ணை."

"எனக்குக் கேட்டது உன்ர குரல்தான்."

உள்ளேயிருந்து சாந்தா வந்தாள். தட்டைப் பார்த்தாள், கமலநாயகியைப் பார்த்தாள். "வடையோ? இவ்வளவு வடையோ? எங்களை விலைக்கு வாங்க வந்த மாதிரியல்லோ கிடக்கு."

"சும்மா இருங்கோ சாந்தா அக்கா. ஞாயிற்றுக்கிழமையெண்டு சுட்டனான்."

"இரு. தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம் அக்கா." கமலநாயகி இருக்கவில்லை. இருந்தால் எழும்ப வராது என்று அவளுக்குத் தெரியும். "அண்ணை, ஒரு விஷயம். பிள்ளைக்கு வேலை மாத்தம் வந்திட்டுது."

"எங்கை? வால்டோர்ஃபோ, எர்லாங்கனோ? உந்த இந்தியாப் பிள்ளையளெல்லாம் கொம்பியூட்டர் வேலைக்கு அங்கைதானே ஓடுதுகள்."

"லித்துவேனியா."

பற்பிரஷ் இலையில் நின்றது. "அது எங்கை கிடக்கு?"

"போலந்துக்கு அங்காலை," என்றாள் சாந்தா. அவள் கண்ணை எடுக்காமல் கமலநாயகியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்கை எங்கடை பிள்ளைக்கு என்ன வேலை? பாசை தெரியுமே?"

"ஆஸ்பத்திரி வேலைதான் அண்ணை. பத்து மாதம். இண்டைக்கே போறாள். அதுதான் வீட்டை..."

"ஓ." அவர் பற்பிரஷைத் தண்ணிக் கோப்பைக்குள் போட்டார். அந்த 'ஓ'வில் பஸ்ஸின் பிரேக் சத்தம் இருந்தது. "கமலா, அது எழுதிக் கிடக்கு. ரெண்டு வருஷம். இடையிலை விட்டால் ஆறு மாத வாடகை. நான் ஒளிச்சு எழுதேல்லை, உன்ர கண்ணுக்கு முன்னாலை எழுதினனான். நீ நல்ல நேரம் போகுது, போகுது எண்டு நிண்டாய்."

"ஓம் அண்ணை, நான்தான்..."

"முந்தியிருந்தவன் ஒரு சொல்லுச் சொல்லாமல் திறப்பைத் தபால் பெட்டியுக்கை போட்டிட்டுப் போனவன். அஞ்சு மாதம் வீடு சும்மா கிடந்தது. பென்ஷனிலை இருந்து பாங்குக்கு நான் கட்டினனான். அதுக்குப் பிறகுதான், தந்தால் எங்கடை ஆக்களுக்குத்தான் எண்டு உனக்குத் தந்தது. நீயும் ஒரு மாதத்திலை வந்து நிக்கிறாய்."

"எனக்கு வேலையில்லை அண்ணை. உங்களுக்குத் தெரியும். பூட்டின வீட்டுக்கு வாடகை கட்டினால் நான் இருக்கிற வீடு போயிடும்."

"அப்ப அந்த ஆஸ்பத்திரி கட்டட்டும். அவையள்தானே அனுப்பினம்? எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லு, நானே ஃபோன் பண்ணிக் கேக்கிறன்."

பதினெட்டு வருடம் இந்த ஊரில் இருந்தவளுக்கு ஒரு ஆஸ்பத்திரிப் பெயர் வரவில்லை.

"விடுங்கோப்பா," என்றாள் சாந்தா மெதுவாக. "பிள்ளை போகட்டும்."

"நீ சும்மா இரு. எந்த ஆஸ்பத்திரி தங்கச்சி?"

மேலே கதவு திறந்தது. சுலக்ஷனின் குரல், "தேனு, பொறு, எடி பொறு" என்றது. பிறகு படியில் அந்தச் சத்தம். அவசரமில்லாத, கனமான, ஒவ்வொரு படியாக இறங்கும் சப்பாத்துச் சத்தம்.

அரியரத்தினத்தார் கதிரையை விட்டு எழும்பினார். யார் என்று பார்க்க எழும்பவில்லை. அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு தானாக எழும்பியது. சாந்தா எட்டி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

தேனுஜா முழு உடுப்போடு கடைசிப் படியில் வந்து நின்றாள். தொப்பி கையில் இருந்தது. கொண்டை இறுக்கிக் கட்டியிருந்தது.

"மாமா, அம்மா சொன்னது வேலை மாத்தம் இல்லை. நான் படையிலை இருக்கிறன். மருத்துவ அணி. இண்டைக்கு அதுக்குத்தான் போறன்."

பக்கத்து வீட்டு நாய் மட்டும், ஞாயிறு சத்தம் போடக்கூடாத நாள் என்று பாராமல், குரைத்தது.

"எத்தினை காலம்?" என்று கேட்டார் அரியரத்தினத்தார்.

"மூண்டு வருஷம்."

"இந்த ஒரு மாதமும் என்ர தலைக்கு மேலை இருந்துகொண்டு."

"ஓம் மாமா."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமோ?"

சாந்தா பொய் சொல்லவில்லை. "கீழை உடுப்புத் தோய்க்கிற அறையிலை கொடியிலை கிடந்தது. நீங்கள் மெசினுக்கு வாறதுக்கு முந்தி நான்தான் எடுத்து மடிச்சு ஒளிச்சு வைச்சனான்."

"ஓகோ. எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது."

"அண்ணை, பிள்ளை துவக்குத் தூக்கிற வேலையில்லை, காயம் கட்டுற..." என்று கமலநாயகி தொடங்கினாள். யாரும் கேட்கவில்லை.

தேனுஜா அவரைப் பார்த்து ஒரு அடி முன்னால் வைத்தாள். நடைக்குள் வர.

"நில்!"

நின்றாள்.

"சப்பாத்து," என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். அவசரத்தில் அதை யோசிக்கவில்லை. எந்தத் தமிழ் வீட்டு வாசலிலும் குழந்தைக்குத் தெரிந்த விஷயம்.

"அவங்கள் சப்பாத்தோடதான் வந்தவங்கள்," என்றார் அவர். யாருக்கென்று இல்லாமல் சொன்னார். "சாமியறை மட்டும் வந்தவங்கள். குலம் குளிச்சிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நிண்டவன். 'ஒரு கேள்வி, கேட்டிட்டு விடுறம்' எண்டு சொன்னவங்கள். அம்மா அழேல்லை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ தம்பிமார், சாமியறையெல்லோ எண்டு கடைசி மட்டும் அவங்களைக் கேட்டுக்கொண்டு நிண்டவ."

தேனுஜா படியிலேயே இருந்தாள். தொப்பியைப் பக்கத்தில் வைத்தாள். சப்பாத்துக் கயிற்றில் கை வைத்தாள்.

படைச் சப்பாத்தைக் கழற்றுவது செருப்பை உதறுவது போலில்லை. கணுக்காலுக்கு மேலே ஏறிப்போகும் கயிறு, இரட்டை முடிச்சு. முதல் முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நோண்டினாள். கமலநாயகி குனியப் போனாள். "வேண்டாம் அம்மா," என்றாள் மகள், தலை நிமிராமல். ஒவ்வொரு கொளுவியாகக் கயிறு வந்தது. மூன்று பேரும் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கால். பிறகு மற்றது. இரண்டையும் சுவரோரம், மூக்கு வெளியே பார்க்க, ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள்.

காலுறை படையின் நிறமில்லை. ஆஸ்பத்திரி இரவு வேலைக்குப் போடும் செம்மஞ்சள் கம்பளிக் காலுறை, குதிக்காலில் கமலநாயகி வேறு நிற நூலால் தைத்தது.

"வரட்டோ மாமா?"

அவர் வா என்று சொல்லவில்லை. கதிரையை அவள் பக்கம் தள்ளிவிட்டார். அவள் இருக்கவில்லை. முன்னால் வந்து நின்றாள். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, அவள் மார்பிலிருந்த பட்டியை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அருளம்பலம். அவன்ர பேரையும் இதிலை தைச்சிருக்கிறாங்கள்."

"ஓம்."

"பிள்ளை, ஒண்டு கேப்பன். ஒளிக்காமல் சொல்லவேணும்." அவர் குரல் இறங்கியிருந்தது. "உன்னைப் பிடிச்சுக்கொண்டு போறாங்களோ, நீயாப் போறியோ? நீயாப் போறதெண்டால் அது உன்ர விருப்பம். நான் ஒண்டும் சொல்லேலாது. ஆனா எழுதினது எழுதினதுதான், ஒரு சதமும் விடமாட்டன். பிடிச்சுக்கொண்டு போறாங்களெண்டால் வேறை கதை. சொல்லு."

தேனுஜா வாயைத் திறந்தாள்.

"கூப்பிட்டவங்கள் அண்ணை!" கமலநாயகி இடையில் பாய்ந்தாள். மகளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். "அரசாங்கம் கூப்பிட்டால் போகாமல் இருக்கேலுமே? ஏலாது எண்டால் மறியலுக்கல்லோ கொண்டு போவாங்கள்! பிள்ளை என்ன செய்வாள்? இரவிரவா அழுதவள் அண்ணை!"

"அம்மா..."

"நீ பேசாமல் இரு. மாமாவுக்கு நான் சொல்லுறன். விருப்பத்திலையோ போறாள்? ஆடி மாதத்திலை, நல்லது கெட்டது ஒண்டும் பாராமல், ஆர் விருப்பத்திலை வெளிக்கிடுவினம்?"

"தாய் சொல்லுறது சரியோ பிள்ளை?"

கமலநாயகி பிடித்த பிடியை விடவில்லை. அந்தக் கைக்குள் மகளின் நாடி துடிப்பது அவளுக்குத் தெரிந்தது. தேனுஜா தாயைப் பார்த்தாள். வேலை போன தாய், நரைத்த நெற்றி, வடைத் தட்டு. கண் நிரம்பிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

அரியரத்தினத்தாருக்கு அது போதும்.

"சரி சரி, அழாதை," என்றார். தோளில் கை வைக்க வந்தார், அந்தத் துணியைக் கண்டு கையை எடுத்தார், பிறகு வைத்தார். "பிடிச்சுக்கொண்டு போற பிள்ளையிட்டைத் தண்டம் வாங்கினால் எனக்குச் சோறு இறங்காது. சாந்தா, அந்த ஒப்பந்தத்தை எடு. பேனையையும் கொண்டு வா."

சாந்தா கொண்டுவந்தாள். அவர் சுவரில் வைத்து, தன் கையால் எழுதிய வரியைத் தன் கையாலேயே வெட்டினார். இரண்டு வருட வரியையும் வெட்டினார். கீழே ஜெர்மனில், இருவரும் சம்மதித்து இந்த மாத முடிவோடு ஒப்பந்தம் முடிகிறது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். தேனுஜாவிடம் நீட்டினார். அவள் பேனையை வாங்கவில்லை.

"வை பிள்ளை. வை, ரயிலுக்கு நேரமாகுது," என்று கமலநாயகி பேனையை அவள் விரலுக்குள் செருகினாள்.

வைத்தாள். கோணலாக விழுந்தது.

"சாமானெல்லாம் கிடக்கட்டும், அவசரமில்லை," என்றார் அரியரத்தினத்தார். சாந்தா உள்ளே போய்த் திருநீறு எடுத்து வந்து பிள்ளையின் நெற்றியில் பூசினாள். பூசும்போது, "உண்மையா அழுதனியோடி?" என்று காதோடு கேட்டாள். தேனுஜா குனிந்து சுவரோரம் இருந்த சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

*

மேலே ஏறும்போது கமலநாயகிக்கு வழக்கமான முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. கதவைச் சாத்தியதும் கடதாசியைச் சுலக்ஷனின் முகத்துக்கு முன்னால் ஆட்டினாள்.

"பாத்தியோ? உன்ர சங்கமும் வேண்டாம், டெர்மினும் வேண்டாம். மனிசன் மனிசன்தான். ரெண்டு வார்த்தை வாயாலை கதைக்கத் தெரியவேணும். நீங்கள் படிச்சு என்ன!"

சுலக்ஷன் கடதாசியை வாங்கி வாசித்தான். "என்ன சொல்லி வாங்கினீங்கள்?"

"உண்மையைத்தான். கூப்பிட்டவங்கள், போகாமல் இருக்கேலாது எண்டு."

அவன் தங்கச்சியைப் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தத் திரும்பலை கமலநாயகி அப்போது கவனிக்கவில்லை. அவள் வடைச் சட்டியை மூடுவதிலும், மகளுக்குச் சோற்றுப் பொதி கட்டுவதிலும் இருந்தாள்.

"கோழிக்கறி தனியக் கட்டுறன். ரயிலிலை ஊத்துப்படும். அங்கை குளிராம், பெரிய சால்வையை வைச்சனியோ? தேனு? இதென்ன இருக்கிறாய், வெளிக்கிடன்!"

தேனுஜா சப்பாத்தைக் கையில் பிடித்தபடி கதிரையில் இருந்தாள். போடவில்லை.

கீழிருந்து அரியரத்தினத்தாரின் குரல் வந்தது. ஃபோனில் பேசும்போது அவருக்கு எப்போதும் பஸ்ஸுக்குள் அறிவிப்புச் செய்யும் குரல். மாடிக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"ஐயாவோ? நான் அரியம் கதைக்கிறன். இண்டைக்குப் பின்னேரப் பூசையிலை ஒரு அருச்சனை. பேர் தேனுஜா. நட்சத்திரம் தாயிட்டைக் கேட்டுச் சொல்லுறன்... அருளம்பலத்தின்ர பிள்ளை, ஓம். பிள்ளையைப் படைக்குப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள் ஐயா. பலவந்தமா... ஓம், இஞ்சையும்தான். இந்த நாட்டிலையும்தான். நான் பாத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டன். கோயில் கூட்டத்திலை கதைக்கவேணும். எல்லாருமாச் சேந்து ஒரு கடிதம் எழுதவேணும்..."

கமலநாயகி பொதியைக் கட்டிய நூலை இறுக்கினாள். நல்லதுதானே என்று நினைத்தாள். இனி வெள்ளிக்கிழமை கோயிலில் யாரும் மூஞ்சியைத் திருப்பமாட்டார்கள். பாவம், பிடிபட்ட பிள்ளையின் தாய் என்று இடம் விடுவார்கள். தலைக்கு வந்தது எவ்வளவு லேசாகப் போயிற்று! வருடக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல்லை ஒரு மனிசன் ஒரு பேனையால் தட்டிவிட்டானே!

"பாத்தியே பிள்ளை, மாமா எவ்வளவு நல்ல மனிசன். நீ அவரைப்போய்..."

"அம்மா."

"என்ன?"

"அந்தச் சோத்தை வைச்சிட்டு என்னைப் பாருங்கோ."

கமலநாயகி திரும்பினாள். மகளின் முகத்தில் இப்போது கண்ணீர் இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரருக்கு விஷயம் சொல்லப்போகும் தாதியின் முகம் அது. சுலக்ஷன் இன்னும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னை ஒருதரும் கூப்பிடேல்லை அம்மா. என்னை மாதிரிப் பின்துணையிலை இருக்கிற ஆக்களை அவையள் பிடிச்சுக்கொண்டு போறேல்லை, ஓம் எண்டால்தான் எடுப்பினம். இந்த வீட்டுக்கு நீங்கள் கையெழுத்து வைக்கப் பண்ணினதுக்கு முந்தியே, போறன் எண்டு நானாத்தான் எழுதிக் குடுத்தனான். ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கு. கீழை போய் நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"